அப்பா பேரும் மணி, தத்தெடுத்த நாய் பேரும் மணி: 5 வயது நாய்க்குப் பேர் மாற்றலாமா?

அம்பத்தூர்_அனு (இழையைத் தொடங்கியவர்)

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நாங்களும் முதல் இரண்டு நாள் சிரித்தோம்.

போன மாதம் 5 வயது ஆண் லாப்ரடார் ஒன்றைத் தத்தெடுத்தோம். வளர்த்தவர்கள் வேலை மாறி வெளிநாடு போகிறார்கள், கூட்டிக்கொண்டு போக வழியில்லை, தெரிந்தவர் மூலம் எங்கள் வீட்டுக்கு வந்தது. தங்கமான நாய். செருப்பைக் கடிக்காது, காலிங் பெல் அடித்தால் இரண்டே குரைப்பு, இரவு ஒன்பதரைக்குத் தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரே சிக்கல், அதன் பேர் மணி. எங்கள் அப்பா பேர் சுப்பிரமணி. பத்திரப்பதிவு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், தெரு முழுக்க அவருக்கு மணி சார் என்றுதான் பேர்.

போன சனிக்கிழமை காலையில் அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், அம்மா கொல்லைப்பக்கத்தில் இருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மணி, குப்பையில வாய வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது, அறிவிருக்கா உனக்கு!" எதிர்வீட்டுக்காரர் கேட்டில் சாய்ந்துகொண்டு, "என்ன சார், வீட்ல சாப்பாடு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அப்பா டிபன் சாப்பிடவில்லை. அதிலிருந்து நாயை "அது" என்றுதான் சொல்கிறார். "அது சாப்டுச்சா?" "அதைக் கட்டுங்க, பால்காரர் வர்றார்." அவ்வளவுதான் உறவு.

சரி, பேரை மாற்றிவிடலாம் என்றால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வாயில்லா ஜீவன், அது பேரை எதுக்கு மாத்தணும்?" இத்தனைக்கும் அம்மா 36 வருஷத்தில் ஒரு தடவைகூட அப்பா பேரைச் சொன்னவர் இல்லை. ரேஷன் கடையில் குடும்பத்தலைவர் பேர் கேட்டால் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

என் கேள்வி இதுதான். 5 வயதில் பேர் மாற்றினால் நாய்க்குப் பழகுமா? குழம்பிப்போகுமா? ஏற்கெனவே வீடு மாறி வந்திருக்கிறது, இது வேறு மனசைக் கஷ்டப்படுத்துமோ என்று பயமாக இருக்கிறது. செய்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_மல்லி

அனு, நான் பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். உங்கள் அம்மா பேரை மாற்ற விடமாட்டார். 36 வருஷ பாக்கியை இப்போது வட்டியோடு வசூல் செய்துகொண்டிருக்கிறார்.

கம்பவுண்டர்_குமார்

கால்நடை மருத்துவமனையில் 11 வருஷமாக உதவியாளனாக இருக்கிறேன், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேர் மாற்றியதால் ஒரு நாய் நோய்ப்பட்டோ சோர்ந்துபோயோ வந்ததை நான் பார்த்ததில்லை. வீடு மாறியதால் சாப்பிடாமல் வந்தவை நிறைய. வந்த முதல் மூன்று நாள் மூலையில் ஒண்டியிருக்கும், மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று ஆகும் என்று நாய் தத்துக் கொடுப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லா நாய்க்கும் பொருந்தாது, ஆனாலும் குத்துமதிப்பாகச் சரி. உங்கள் மணி ஒரு மாதம் ஆனவன், படுக்கிற நேரம்கூடப் பிடிபட்டுவிட்டது, ஆகவே தாராளமாகத் தொடங்கலாம்.

இன்னொன்று. சில நாய்களுக்குப் பேரை மாற்றியே ஆகவேண்டும். எங்களிடம் ஒரு நாட்டு நாய் வந்தது, பேர் டைகர். அட்டையைப் பார்த்து நான் சாதாரணமாக "டைகர்" என்றேன், இருந்த இடத்திலேயே வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஒன்றுக்குப் போய்விட்டது. முந்தைய வீட்டில் பேரைச் சொல்லிவிட்டுத்தான் அடித்திருப்பார்கள் போல. கூட்டிவந்த பெண் அன்றைக்கே சேது என்று மாற்றினார். இப்போது ஊசிக்கு வரும்போது என் கையை நக்கிவிட்டுத்தான் மேஜையில் ஏறும்.

வேலூர்_வெங்கட்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை, திட்டினாலும் பரவாயில்லை. அந்த நாய்க்கு வீடு போய்விட்டது, கூட இருந்த ஆட்கள் போய்விட்டார்கள், தூங்கின பாய் போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் நம்முடைய சௌகரியத்துக்காக, அதுவும் எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார் என்பதற்காகப் பிடுங்குவது நியாயமா? அப்பாதான் பெரியவர், அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

விசில்_சண்முகம்

தம்பி வெங்கட், உங்கள் மனசு புரிகிறது, ஆனால் நாய்க்குப் பேர் என்றால் என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். நமக்குப் பேர் என்பது பள்ளிச் சான்றிதழ், ஆதார், கல்யாணப் பத்திரிகை. நாய்க்கு அது ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் அடுத்து ஏதோ நடக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தட்டுச் சத்தம் கேட்டால் சோறு, சங்கிலிச் சத்தம் கேட்டால் வாக்கிங், "மணி" என்று கேட்டால் யாரோ நம்மைப் பார்க்கிறார்கள். சங்கிலியை மாற்றி வேறு சத்தம் வருகிற சங்கிலி வாங்கினால் அது வாக்கிங்கை மறந்துவிடுமா? நாலு நாளில் புதுச் சத்தத்துக்கும் வாலாட்டும்.

நான் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்தவன். கையாளுகிற ஆள் மாறினால் நாய் படுகிற பாடு தெரியும். பத்து நாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆளுக்குத்தான் அது ஏங்கும். பேரை மாற்றியதற்காக ஏங்கிய நாயை நான் பார்த்ததில்லை.

எப்படிச் செய்வது என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன், இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

மேகலா_மியாவ்

பூனைக்கும் தன் பேர் தெரியும், 2019ல் ஜப்பானில் சோஃபியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தே காட்டியிருக்கிறார்கள். தன் பேர் மாதிரியே ஒலிக்கிற மற்ற சொற்களில் இருந்து பிரித்து அறிகிறது, காதைத் திருப்புகிறது, தலையை அசைக்கிறது. கூப்பிட்டால் வராது, அது வேறு விஷயம். என் வீட்டில் மூன்று இருக்கின்றன. மூன்று பேரின் பேரையும் மாற்றிப் பார்த்தேன், எந்த வித்தியாசமும் இல்லை, முன்னாலும் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

அம்பத்தூர்_அனு

மேகலா 😄

வெங்கட் சார், நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கிண்டல் மட்டும் காரணம் இல்லை. அப்பா நாயின் பக்கமே போவதில்லை. பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன், அம்மாவுக்கு முழங்கால் வலி, மாலை வாக்கிங் கூட்டிப்போகக்கூடிய ஒரே ஆள் அப்பாதான். தெருவில் நின்றுகொண்டு "மணி, வா" என்று தன் பேரையே எப்படிக் கூப்பிடுவார்? கூப்பிட முடியாததால் கூட்டிப்போவதும் இல்லை. நாய்க்குத்தான் நஷ்டம்.

ஈஸ்ட்ஹாம்_சிவா

நான் லண்டனில் இருக்கிறன். எங்கட வீட்டில இருக்கிறது ஓட்டப் பந்தயத்தில இருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட், வரேக்க நாலு வயசு. இந்த நாய்களுக்கு எப்பவும் இரண்டு பெயர் இருக்கும். பந்தயப் பட்டியலில போடுற நீளமான பெயர் ஒன்று, கொட்டிலில கூப்பிடுற சின்னப் பெயர் ஒன்று. பந்தயப் பெயர் அதுக்கே தெரியாது, கடதாசியில மட்டும்தான் இருக்கும். காதுக்குள்ள பச்சை குத்தியிருப்பினம், அயர்லாந்தில பிறந்தது எண்டால் இரண்டு காதிலயும். தத்தெடுக்கிற ஆக்கள் அரைவாசிப் பேர் பெயரை மாத்திப்போடுவினம், ஒருத்தரும் அதைப் பெரிசாகக் கதைக்கிறதில்லை.

எங்கட பிள்ளைக்குக் கொட்டிலில வைத்த பெயர் என்ர மனுசியின்ர அம்மாவின்ர பெயர் மாதிரிக் கேட்டது, மாமி வந்து நிக்கேக்க கூப்பிட ஏலுமோ? வெள்ளை எண்டு மாத்தினம். கறுப்பு நாய்தான், மகள் வைத்த பெயர். ஒரு கிழமையில பழகிட்டுது. இஞ்ச இங்கிலாந்தில 2016 ஏப்ரலில இருந்து நாய்க்கு மைக்ரோசிப் (தோலுக்குக் கீழ வைக்கிற சின்ன அடையாளச் சிப்) கட்டாயம், அந்தப் பதிவில புதுப் பெயரையும் எங்கட விலாசத்தையும் மாத்தினது மட்டும்தான் வேலை.

விசில்_சண்முகம்

வந்துவிட்டேன். முறை சொல்கிறேன், இதில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதுப் பேர், பவுனு என்று வைத்துக்கொள்வோம், முடிவானதும் வீட்டில் எல்லோரும் அதே பேரை, அதே மாதிரி உச்சரிக்க வேண்டும். ஒருவர் பவுனு, ஒருவர் பவுன்குட்டி, ஒருவர் பவுனம்மா என்று இழுக்கக்கூடாது, குறைந்தது முதல் இரண்டு வாரம். கையில் தின்பண்டம், சுண்டு விரல் நகம் அளவு இருந்தால் போதும், வேகவைத்த கோழியோ ஈரலோ. நாய் சும்மா இருக்கும்போது, வேறு எதிலும் மும்முரமாக இல்லாதபோது, இரண்டு அடி தூரத்தில் நின்று புதுப் பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். திரும்பிப் பார்த்ததா, அந்த நொடியே துண்டு வாய்க்குள் போகவேண்டும். பார்க்கவில்லையா, பத்து தடவை கத்தாதீர்கள், கத்தினால் அது பின்னணிச் சத்தம் ஆகிவிடும், மிக்சி ஓடுகிற மாதிரி. இப்படி ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். அறைக்குள் நன்றாக வந்தபிறகு அடுத்த அறையில் இருந்து, அப்புறம் மாடியில் இருந்து, அப்புறம்தான் தெரு.

புதுப் பேரைச் சொல்லித் திட்டக்கூடாது. குளிப்பாட்ட, நகம் வெட்ட, மாத்திரை கொடுக்கக் கூப்பிடக்கூடாது. அதற்கெல்லாம் நீங்களே நடந்து அதனிடம் போங்கள்.

அந்தத் தப்பு என்னவென்றால், பழைய பேரையும் புதுப் பேரையும் சேர்த்துச் சொல்லும்போது "மணி பவுனு" என்று சொல்வார்கள். தலைகீழ். மணி என்றதுமே அது திரும்பிவிட்டது, பின்னால் வருகிற பவுனுவைக் கேட்கவேண்டிய அவசியமே அதற்கு இல்லை. புதுசு முன்னால், பழசு பின்னால். "பவுனு", ஒரு மூச்சு இடைவெளி, "மணி", திரும்பியதும் தின்பண்டம். நாலைந்து நாளில் பவுனு என்றதும் அடுத்து மணி வரப்போகிறது என்று அதுவே ஊகித்து முன்னாலேயே திரும்பும். அப்புறம் மணியை விட்டுவிடலாம். பஸ்ஸில் விசில் சத்தம் கேட்டதும் அடுத்து குலுங்கும் என்று கம்பியைப் பிடிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

பவுனு என்பது உதாரணத்துக்குச் சொன்னேன், பல லாப்ரடார்கள் அந்த நிறத்தில் இருக்கும் என்பதால்.

அம்பத்தூர்_அனு

அட, எங்கள் மணி அந்த நிறம்தான் சார்! பவுனு நன்றாக இருக்கிறது. வெள்ளி, செவ்வாய் வீட்டில் அசைவம் கிடையாது, அன்றைக்கு என்ன கொடுப்பது?

கம்பவுண்டர்_குமார்

பனீர் துணுக்கு, வேகவைத்த கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, எதுவானாலும் கொஞ்சமாக. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம், கேசரியில் இருக்கிற திராட்சைகூட வேண்டாம். வெங்காயம் போட்ட எதுவும் வேண்டாம். லாப்ரடார் கொடுத்தால் தின்றுகொண்டே இருக்கும், பயிற்சியில் போனதைக் கணக்குப் பார்த்துச் சாயங்காலச் சோற்றில் குறைத்துவிடுங்கள்.

கோவில்பட்டி_கணேசு

என் கதையைக் கேளுங்கள், யாருக்காவது உதவும். நான் போன வருஷம் வெள்ளை ராஜபாளையம் ஒன்றை, இரண்டரை வயது, ஒரு தோட்டத்தில் இருந்து எடுத்துவந்தேன். அங்கே அதற்குப் பேரே இல்லை, "வெள்ளைநாயி" அவ்வளவுதான். நான் வீரா என்று வைத்து, மேலே சார் சொன்ன மாதிரியே எல்லாம் செய்தேன். ஒரு மாதம் ஆகியும் திரும்பவில்லை. கை தெரிந்தால் வரும், தெரியாவிட்டால் வராது. ராஜபாளையம் என்றாலே பிடிவாதம், ஒரே எஜமான் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு நானும் திமிர் என்று நினைத்துவிட்டேன். கொஞ்சம் கோபமாகக்கூட நடந்துகொண்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

தற்செயலாக ஒருநாள் அது தூங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் சரவெடி. தெருவில் இருந்த நாய் எல்லாம் ஓடி ஒளிந்தது. இது காதைக்கூட அசைக்கவில்லை. அப்புறம்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. தூய வெள்ளை நிறத்தில் இது வருவதுண்டாம், தோலுக்கு நிறம் தருகிற அணுக்கள் உள்காதிலும் இருக்கவேண்டும், அவை இல்லாவிட்டால் கேட்கிற நரம்பு குட்டியிலேயே பட்டுப்போகும் என்று சொன்னார்.

வீட்டிலேயே சோதிக்க வேண்டும் என்றால் நாய்க்குப் பின்னால், அது பார்க்காத இடத்தில் நின்று பிளாஸ்டிக் கவரைக் கசக்குங்கள் அல்லது சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையில் காலால் தட்டாதீர்கள், அதிர்வை அது பாதத்தில் உணர்ந்து திரும்பிவிடும், நாம் காது கேட்கிறது என்று ஏமாந்துவிடுவோம். இப்போது வீராவுக்குப் பேர் என் கையில் இருக்கிறது. வலது கையைத் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றினால் அதுதான் அவன் பேர். இரவில் டார்ச்சை இரண்டு தடவை அணைத்துப் போடுவேன். தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்து குதிரை மாதிரி வருவான்.

மதுரை_மல்லி

கணேசு அண்ணா, அந்தக் கடைசி வரிக்காகவே இந்த இழையைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடி_டெய்சி

பேர் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் தினமும் புழங்குகிற சொல்லை வைக்காதீர்கள். எங்கள் நாய்க்குப் பேர் காபி. நிறத்துக்கு ஏற்ற பேர்தான், வைக்கும்போது எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் "காபி வேணுமா?" "காபி ஆறிப்போச்சு" "காபில சர்க்கரை இல்ல" என்று யார் வாயைத் திறந்தாலும் அது எழுந்து வந்து நிற்கும், ஒன்றும் கிடைக்காது, போய்ப் படுக்கும். ஆறு மாதத்தில் கூப்பிட்டால் வருவதையே நிறுத்திவிட்டது. அதன்மேல் தப்பே இல்லை. இட்லி, வடை என்று பேர் வைத்தவர்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கட்டளைச் சொல் மாதிரி ஒலிக்கிற பேரும் வேண்டாம். வாசு என்று வைத்தால் பாதியிலேயே "வா" என்று எடுத்துக்கொள்ளும். இருளன் என்றால் "இரு". ஜோ என்று வைத்துவிட்டு "நோ" சொல்லிப் பாருங்கள்.

வேலூர்_வெங்கட்

பவுனு ஓகே. ஆனால் ஒலி ஒத்துவருகிற பேராக வைத்தால் நாய்க்குச் சுலபம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மணி என்பதற்கு கனி, ஜானி, ராணி... ராணி ஆண் நாய்க்கு ஆகாது.

விசில்_சண்முகம்

சுலபம்தான், கடைசி உயிரொலி ஒரே மாதிரி இருந்தால் முதல் நாளே பாதி திரும்பும். ஆனால் இவர்கள் வீட்டில் பிரச்சினையே மணி என்கிற சத்தம்தானே. தூரத்தில் இருந்து கனி என்று கத்தினால் எதிர்வீட்டுக்காரர் காதில் மணி என்றுதான் விழும். அந்த மனுஷன் விடமாட்டார்.

அம்பத்தூர்_அனு

கனி வேண்டாம், பின்வீட்டுப் பெண் பேர் கனிமொழி. இன்னொரு சண்டையை இழுக்கத் தெம்பில்லை.

சிங்கை_மீனா

எல்லோரும் வீட்டு நாயைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் உலகத்திலேயே பிரபலமான பேர் மாறிய நாயைப் பற்றிச் சொல்கிறேன். விண்வெளிக்குப் போன லைக்கா. மாஸ்கோ தெருவில் பிடித்த நாய், அப்போது சுமார் மூன்று வயது இருக்கும். ஆய்வுக்கூடத்தில் முதலில் குத்ர்யாவ்கா, சுருட்டைமுடிக்காரி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் லைக்கா ஆனது, குரைப்பவள் என்று அர்த்தம். 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2ல் ஏற்றி அனுப்பினார்கள், திரும்பக் கொண்டுவர ஏற்பாடே கிடையாது, கூண்டு சூடேறிச் சில மணி நேரத்திலேயே செத்துவிட்டது. வெங்கட் அண்ணா சொன்ன மாதிரி எதை எதையெல்லாமோ அதனிடம் இருந்து பிடுங்கினார்கள், அந்தப் பட்டியலில் பேர் ரொம்பக் கீழேதான் வரும்.

மதுரை_மல்லி

மீனா, சாயங்கால நேரத்தில் ஏன் இதையெல்லாம் ஞாபகப்படுத்துகிறீர்கள்.

பெரம்பூர்_பிரகாஷ்

வேலைக்கு ஆகிற ஒரு விஷயம். சென்னை மாநகராட்சி எல்லையில் இருப்பவர்கள் செல்லப்பிராணி உரிமம் எடுத்தீர்களா? அம்பத்தூரும் அதில்தான் வரும். மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இரண்டும் கேட்பார்கள். எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான், பேர் சிப்புக்குள் இல்லை, பதிவில் இருக்கிறது. ஆகவே பேர் மாறினால் மறுபடி சிப் போடவேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் தடுப்பூசி அட்டையிலும் உரிமத்திலும் ஒரே பேர் இருக்கட்டும். பழைய வீட்டுக்காரர் பேரிலும் போன் நம்பரிலும் பதிவு இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், நாய் பேரைவிட அது அவசரம்.

இன்னொன்று, பழைய பேரை அடியோடு மறக்கவைக்காதீர்கள். தீபாவளி வெடிக்குப் பயந்து கேட் தாண்டி ஓடுகிற நாய் பயத்தில் புதுசாகக் கற்றதை எல்லாம் விட்டுவிடும். அந்த நேரத்தில் தெருவில் நின்று கத்தப் பழைய பேர் உதவும். எங்கள் பக்கத்தில் ஒரு பக் நாய் அப்படித்தான் ஓடியது, ரயில்வே லைன் ஓரத்தில் நின்று புதுப் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார்கள். வீட்டு வேலை செய்கிற அக்காதான் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், புதரில் இருந்து வந்துவிட்டது.

திருப்பூர்_அத்தை

அனு கண்ணு, நான் இவ்வளவு நேரம் படிச்சுட்டுத்தான் இருந்தேன். நாய் விஷயம் எல்லாரும் நல்லாச் சொல்லிட்டாங்க. உங்கம்மா விஷயத்தை யாரும் சொல்லல, மல்லி ஒருத்தி சிரிச்சுட்டுப் போயிட்டா.

நான் கல்யாணமாகி வந்தப்போ என் மாமியார் என் பேரையே மாத்திட்டாங்க. வீட்டுல ஏற்கெனவே நாத்தனார் ஒருத்திக்கு அதே பேர் இருந்துச்சு, அதனால. எனக்கு அப்போ 20 வயசு. புதுப் பேருக்குத் திரும்பிப் பார்க்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, நாயைவிடக் கொஞ்சம் மந்தம்னு வச்சுக்கோ. அப்படி இருந்தும் அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில அவர் கடைசியாப் படுத்திருந்தப்போ நர்ஸ் பேரு கேட்டுச்சு, அப்பவும் சீட்டுல எழுதித்தான் காமிச்சேன். இப்போ அவர் இல்ல. சொல்லிப் பார்த்திருக்கலாம்னு தோணுது. உங்கம்மா நாயைக் கூப்பிடட்டும், விடு.

அம்பத்தூர்_அனு

அத்தை, இதற்கு என்ன பதில் எழுதுவது என்றே தெரியவில்லை. இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

வேலூர்_வெங்கட்

அத்தை சொன்னபிறகு நான் என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு பேரும் இருக்கட்டுமே? எங்கள் வீட்டில் என் தம்பிக்கே சான்றிதழில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர், பாட்டி கூப்பிடுவது ஒரு பேர்.

விசில்_சண்முகம்

தாராளமாக இருக்கலாம். ஜெர்மனியில் ரிக்கோ என்று ஒரு பார்டர் கோலி நாய் 200க்கு மேல் பொம்மைகளின் பேரைத் தெரிந்து வைத்திருந்தது, 2004ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. அது விசேஷமான நாய்தான், எல்லாமே அப்படி இருக்காது. ஆனாலும் சாதாரண லாப்ரடாருக்குத் தன்னைக் கூப்பிடுகிற இரண்டு சத்தம் ஒரு பாரமே இல்லை. நான் சொன்ன நிபந்தனை ஒன்றுதான், புதுசைக் கற்றுக்கொடுக்கிற அந்த இரண்டு வாரம் மட்டும் அம்மா கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். முக்கியமாக, பேரைச் சொல்லித் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். "மணி, குப்பையில வாய வைக்காதே" என்பதில் மணியை எடுத்துவிடுங்கள். திட்டு அப்படியே இருக்கட்டும்.

அம்பத்தூர்_அனு

*(மூன்று வாரம் கழித்து)*

எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆபீசில் ஆடிட்.

நடந்ததைச் சொல்கிறேன். இந்த இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அத்தை எழுதிய பதிவு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவரே பனீர் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துக்கொண்டு போய்க் கார் ஷெட்டில் உட்கார்ந்துவிட்டார். சண்முகம் சார் சொன்ன கணக்கை ஒரு பழைய டைரியில் கோடு போட்டு எழுதுகிறார், தேதி, வேளை, எத்தனை தடவை சொன்னது, எத்தனை தடவை திரும்பியது. பதிவு ஆபீஸ் புத்தி போகாது. முதல் நாள் காலையில் 12க்கு 3. பவுனு என்றதும் நாய் அவரைப் பார்க்கவில்லை, பனீர் கையைத்தான் பார்த்தது. பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்ட பிறகுதான் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. நான்காம் நாள் 12க்கு 7. ஆறாம் நாள் மழை, தண்ணீர் தேங்கி ஷெட்டில் உட்கார முடியவில்லை, அன்றைக்கு டைரியில் "விடுமுறை". ஒன்பதாம் நாள் 12க்கு 12, பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

இப்போது மாலை ஐந்தரைக்கு வாக்கிங் அவரோடுதான். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், மணி எங்க?" என்று கேட்டதற்கு, "நான்தான் மணி, இவன் பவுனு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாராம். அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அம்மா இரண்டு வாரம் கட்டுப்பாட்டோடு இருந்தார். பதினைந்தாம் நாள் மத்தியானம் நான் வீட்டில் இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது, மெதுவாக, "மணி... இந்தா" என்று கேட்டது. பவுனு எழுந்து போனான். ஹாலில் அப்பா தூங்குகிற மாதிரிதான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், கால் ஆடிக்கொண்டிருந்தது.

நேற்று தடுப்பூசிக்குக் கூட்டிப்போனோம். அட்டையில் பேர் என்ன எழுத என்று கேட்டார்கள். நான் பவுனு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா குறுக்கே வந்து, "பவுனு, அடைப்புக்குறிக்குள்ள எ, மணி" என்றார். பத்திரத்தில் எழுதுவது மாதிரி. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: பவுனு (எ) மணி.

மதுரை_மல்லி

(எ) போட்டால் போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டு மாதிரி இருக்கிறதே!

அம்பத்தூர்_அனு

பொருத்தம்தான். இன்றைக்குக் காலையிலும் குப்பையில் வாய் வைத்திருக்கிறான்.